துப்பிட்டு மறுபடி சொல்லு

எங்கள் படகில் நான்கு வார்த்தைகளை யாரும் சொல்லக் கூடாது. இப்போது நான் கரையில், ஹாங்காங்கின் ஆபர்தீன் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதுவதால் தைரியமாகச் சொல்லிவிடுகிறேன்: கவிழ்வது, மூழ்குவது, புரட்டுவது, கொட்டுவது. இவற்றைக் கடல் கேட்டால் உடனே செய்து காட்டிவிடும். இதை நம்பிக்கை என்றுகூடச் சொல்ல மாட்டேன். சாலையில் சிவப்பு விளக்கு மாதிரி இது ஒரு விதி. சிவப்பு விளக்கை நம்புகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அதனால் தட்டில் ஒரு பக்கம் தின்று முடித்த மீனை நாங்கள் திருப்ப மாட்டோம். நடுமுள்ளை உருவிவிட்டு அடியில் இருக்கும் சதையை எடுப்போம். குப்பையைக் கடலில் "அனுப்புவோம்". அடுப்பில் அப்பத்துக்கு மறுபக்கம் வேக வேண்டுமென்றால் "நல்ல பக்கம் காட்டு" என்போம். வாய் தவறி அந்த நான்கில் ஒன்று வந்துவிட்டால் பரிகாரம் உண்டு. கடல் பக்கம் திரும்பித் துப்ப வேண்டும், பிறகு அதையே நல்ல வார்த்தையில் சொல்ல வேண்டும். "துப்பிட்டு மறுபடி சொல்லு" என்று பக்கத்தில் இருப்பவர் அதட்டுவார். நானே சின்ன வயதில் துப்பித் துப்பித் தொண்டை வறண்டவள்.

செத்துப் போனான் என்றும் சொல்வதில்லை. "உப்பு வாத்து முட்டை விற்கப் போய்விட்டான்" என்போம். ஏன் முட்டை, அதுவும் ஏன் வாத்து என்று என்னைக் கேட்காதீர்கள். ஹாங்காங்கில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். மீதிப் பேர் முட்டை விற்கப் போய்விட்டார்கள்.

என் பெயர் காம்ஹோ. படகில் இஞ்சின் என் பொறுப்பு, சமையலும் என் தலையில்தான். படகு என் பெரியப்பா மகன் ஃபுக் அண்ணனுடையது, ஓட்டுபவரும் அவர்தான். வலை இழுப்பவன் கெங். கைக்கு ஈடாக வாயும் உழைக்கும் ஆள். அந்த நான்கு வார்த்தைகளுக்கும் தன்னைத்தானே காவல்காரனாக நியமித்துக்கொண்டவன். நான்காவதாக ஃபுக் அண்ணனின் தம்பி ஹெய் இருந்தான். போன குளிர்காலத்தில் வலை இறக்கும்போது கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டு இழுத்துப் போய்விட்டது. அந்தப் பக்கமெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை. கரைக்கு வந்து கேட்டவர்களுக்கெல்லாம், ஹெய் முட்டை விற்கப் போய்விட்டான் என்று சொன்னோம். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

ஃபுக் அண்ணன் முட்டை வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு கூடை வந்தது. ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த தடவை கரை பிடித்தபோது இரண்டு கூடை. பிறகு எந்தத் துறைக்குப் போனாலும், எந்தச் சந்தையில் இறங்கினாலும், உப்பு வாத்து முட்டை விற்கும் கடை ஒன்றையும் விடுவதில்லை. கூடவே போன ஒரு நாள்தான் நான் கவனித்தேன். கடைக்கு முன்னால் குனிந்து முதலில் விற்கிறவர் முகத்தைப் பார்ப்பார். நன்றாகப் பார்த்த பிறகுதான் முட்டைக்குக் கை நீட்டுவார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முட்டையை அவரும் தொடவில்லை, எங்களையும் தொட விடவில்லை. அடுப்படியில் முட்டை, படுக்கைக்கு அடியில் முட்டை, உயிர்காப்புச் சட்டைகள் இருக்க வேண்டிய பெட்டியிலும் முட்டை.

"அக்கா, காத்து பலமா அடிச்சு இதெல்லாம் ஒரே பக்கமா உருண்டுச்சுன்னா படகு..." என்று ஆரம்பித்த கெங், நாக்கைக் கடித்துக்கொண்டு, "படகு ஒருக்களிச்சுத் தூங்கிடும்" என்று முடித்தான்.

முட்டையோடு போயிருந்தால் சும்மா இருந்திருப்பேன். மனிதர் தூங்குவதை விட்டுவிட்டார். சுக்கானை யாரிடமும் கொடுப்பதில்லை. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய்த் திரும்பி வரும். பிறகு ஒரு விடியற்காலையில், இஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தபோது, பின்பக்கத் தடுப்புக் கம்பியை ஒட்டி அவருடைய செருப்பு இரண்டும் அருகருகே, கோயில் வாசலில் விட்ட மாதிரி ஒழுங்காக இருந்ததைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அந்த மனிதர் செருப்பை ஒழுங்காக விட்டதில்லை. ஒன்று கிழக்கே கிடக்கும், மற்றது எங்கே என்று கெங் தேடுவான். தலை நிமிர்ந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. "அண்ணே, இஞ்சின் சூடாகுது. கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன், தினமும் சொல்கிற குரலில்.

இஞ்சின் ஒன்றும் சூடாகவில்லை. அவர் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார், கீழே இறங்கினார், குழாயில் கை வைத்துப் பார்த்தார், மேலே போய்விட்டார். அன்றைக்கு அவர் செருப்பை ஒளித்துவைத்தேன். செருப்பு இல்லாவிட்டால் ஆள் போக மாட்டான் என்று நினைத்த என் புத்தியை எங்கே போய்ச் சொல்வது? பயத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

கரைக்கு வந்ததும் மீனவர் நலச் சங்கம் ஒன்றுக்குப் போனேன். சுவரில் டால்பின் படம், அதற்குக் கீழே "உங்கள் மனநலம், எங்கள் அக்கறை." மூலையில் ஒரு சோபா. மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எந்த மீனவன் வந்து அதில் உட்கார்ந்தான், பிரிப்பதற்கு? அங்கே ஆலோசகராக இருந்தவன் சீத்தோ. இளம் வயது, மூக்குக் கண்ணாடி, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஒருவர் உள்ளே வந்ததிலேயே அவனுக்குப் பாதி சந்தோஷம்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரை ஒருநாள் இங்க கூட்டிட்டு வர முடியுமா அக்கா?" என்றான்.

"சாப்பிடவே சுக்கான விட்டு வராத மனுசன், லிப்ட் ஏறி உன் சோபாவுக்கு வருவாரா? நீ வா தம்பி."

"கடலுக்கா?"

"இல்ல, சினிமாவுக்கு."

வந்தான். அதற்காக அவனை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம். ஆனால் வந்த விதம் இருக்கிறதே. மீன்பிடியைப் பற்றிப் படிக்க வந்த பையன் என்று ஃபுக் அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தேன். இவன் சங்கத்து பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். மார்பு முழுக்கப் பெரிய எழுத்து: "உள்ளத்தைக் கொட்டிவிடுங்கள்."

கெங் எழுத்துக் கூட்டிப் படித்தான். முகம் கறுத்துப்போனது. "யோவ், இத நெஞ்சுல எழுதிக்கிட்டு எங்க ஏறுற? துப்பு."

"எதுக்குங்க?"

"துப்புன்னா துப்பு. கடலப் பாத்து."

சீத்தோ துப்பினான். பாவம், பழக்கமில்லை, பாதி அவன் மேலேயே விழுந்தது. காரணத்தை நான் சொன்னதும், "தெரியாம போட்டுட்டேங்க, மன்னிச்சுக்கங்க. பனியன அப்படியே புரட்டிப் போட்டுக்கறேன்" என்றான்.

"துப்பு" என்றான் கெங்.

கடைசியில் பனியன் கரையிலேயே நின்றது. மாற்றுச் சட்டையும் சங்கத்துப் பனியனாகவே கொண்டுவந்திருந்ததால், என் பூப்போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தேன். ஊதாப் பூ. அந்தப் பயணம் முழுக்க அதைத்தான் போட்டிருந்தான். ஃபுக் அண்ணன் மேலிருந்து ஒருமுறை பார்த்தார். மீன்பிடி படிக்கிற பையன்கள் இப்போது இப்படித்தான் உடுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

துறையைத் தாண்டி அலை தூக்கிப் போட ஆரம்பித்ததும் சீத்தோவின் முகம் வெளுத்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அக்கா, வயித்தைப் புரட்டுது" என்றான்.

"துப்பு" என்றது கெங்கின் குரல், வலைக்குப் பின்னாலிருந்து.

"அதத்தானேங்க பண்ணிட்டிருக்கேன்."

கொஞ்சம் தெளிந்ததும் தன் தொழிலைப் பார்க்க மேலே ஃபுக் அண்ணனிடம் போனான். நான் படிக்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டேன். "ஐயா, சில நேரம் நாம கவலையில மூழ்கி..." என்றான். கெங் கீழேயிருந்து இரும்புச் சட்டத்தில் தட்டினான். சீத்தோ ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, "மனசுல இருக்கறத யார்கிட்டயாவது கொட்டினா" என்று மாற்றினான். மறுபடியும் தட்டு, மறுபடியும் துப்பல். "நடந்தத மறந்து அடுத்த பக்கத்தைப் புரட்டி" என்று மூன்றாவது வழியைப் பிடித்தபோது, ஃபுக் அண்ணனே ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கீழே வந்து என் அடுப்படியில் ஒரு முட்டைக் கூடை மேல் உட்கார்ந்தான். "அக்கா, நான் படிச்ச படிப்புல இந்த நாலு வார்த்தைய எடுத்துட்டா, மிச்சம் 'வணக்கம்' மட்டுந்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளாயிற்று சிரித்து.

அவன் சிரிக்கவில்லை. "அவரு தம்பிக்கு என்ன ஆச்சு அக்கா?"

"அதான் ஆபீஸ்லயே சொன்னேனே. முட்டை விக்கப் போயிட்டான்."

"அது புரிஞ்சுது. என்ன ஆச்சு?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கயிறு என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடினேன். தேடியவையெல்லாம் அந்த நான்கில்தான் போய் முட்டின. "உனக்கு வேற வேலையில்லையா?" என்று அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு இஞ்சினைப் பார்க்கப் போனேன். இஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று அழுதேன். என் ஹெய்க்கு நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சீத்தோ பேசவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மேலே போய் ஃபுக் அண்ணன் காலடியில் உட்கார்ந்துகொண்டான். வாந்தி வந்தால் வாளி, வராவிட்டால் சும்மா. படகு பெரிதாகச் சாய்ந்த ஒரு சமயம் அவன் எழுந்து கதவுப் பக்கம் தள்ளாடியபோது, ஃபுக் அண்ணன் எட்டி அவன் காலரைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் என் ஊதாப் பூச் சட்டையின் காலர். நான் தேநீர் கொண்டுபோனபோதும் அப்படியேதான் இருந்தார். காலர் கிழிந்துவிடுமே என்று எனக்கு ஒரு பக்கம் கவலை. விட்டுவிடுவாரோ என்று இன்னொரு பக்கம்.

கடல் அடங்கிய நாள் மதியம் நங்கூரம் போடச் சொன்னேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் நான் சமையலை விட்டுவிட்டேன் என்று கத்தினேன். இஞ்சினும் என் கையில், சோறும் என் கையில். ஃபுக் அண்ணனுக்கு வேறு வழியில்லை, இறங்கி வந்தார்.

இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வேகவைத்த முழு மீன். சீத்தோவுக்கு அன்றைக்குத்தான் பசி திரும்பியிருந்தது. தலை நிமிராமல் தின்றான். ஒரு பக்கம் தீர்ந்தது. பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்கவில்லை, சாப்பாட்டுக் குச்சியை மீனுக்கு அடியில் கொடுத்து, லாகவமாக, நல்ல பழகிய கை மாதிரி, அப்படியே புரட்டிப் போட்டான்.

சாறு தட்டில் தெறித்தது. கெங்கின் குச்சி அந்தரத்தில் நின்றது.

"ஐயோ" என்றான் சீத்தோ. "மீனைக் கவிழ்த்துட்டேன்."

கெங் எழுந்துவிட்டான். "வாயாலயும் பண்ற, கையாலயும் பண்றியா? உன்ன ஏத்தினதே தப்பு. ஹெய் இருந்திருந்தா உன் கைய ஒடிச்சிருப்பான், தெரியுமா? இந்தப் படகுல அவன மாதிரி பாத்துப் பாத்து நடந்தவன் ஒருத்தன் கிடையாது. ஒரு மீனத் திருப்பினதில்ல அவன். ஒரு வார்த்த தப்பா..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. தான் யார் பெயரைச் சொன்னோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஃபுக் அண்ணன் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ கணக்குக் கேட்பது போன்ற குரலில் சொன்னார்: "ஆமா. ஒரு மீனையும் புரட்டினதில்ல அவன். ஒரு தடவகூட வாய் தவறினதில்ல. அப்பவும் மூழ்கித்தானே போனான்."

இத்தனை மாதமாக ஹெய்யைப் பற்றி அந்தப் படகில் யாரும் சொல்லாத சொல். துப்பு என்று சொல்லக் கெங் வாயைத் திறந்தான், பழக்கம். உடனே மூடிக்கொண்டான். ஃபுக் அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பின்பக்கக் கம்பியை நோக்கி நடந்தார். எனக்கு அந்தச் செருப்புதான் கண் முன்னால் வந்தது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஐயா" என்றான் சீத்தோ. உதட்டில் இஞ்சித் துண்டு ஒட்டியிருந்தது. "துப்பிட்டு மறுபடி சொல்லுங்க."

ஃபுக் அண்ணன் நின்றார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். கடலைப் பார்த்துத் துப்பினார். நல்ல வார்த்தை வரும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"என் தம்பி மூழ்கிட்டான்" என்றார்.

அதே வார்த்தை. சீத்தோ எழுந்து போய் அவர் பின்னால் நின்றுகொண்டான். ஒரு கை அவருடைய சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. "துப்பிட்டு மறுபடி சொல்லுங்க."

துப்பினார். "என் தம்பி மூழ்கிட்டான். கயிறு என் கையில இருந்துச்சு. விடுறதா இழுக்கறதான்னு யோசிச்சேன்."

"மறுபடி சொல்லுங்கண்ணே" என்றான் கெங். அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"யோசிச்ச நேரத்துல போயிட்டான். மூழ்கிட்டான். முட்டை விக்கப் போகல. எந்தக் கடையிலயும் இல்ல. நான் பாத்துட்டேன்."

"மறுபடி" என்றேன் நான்.

எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அவருக்கு எச்சில் தீரும்வரை. பிறகு துப்ப வாயைக் குவித்தால் காற்றுதான் வந்தது. கடல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வாய் காயுது. தண்ணி குடு" என்று வந்து உட்கார்ந்தார். குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். காலை வைக்க இடமில்லாமல் கூடைகள். "எவன்டா இத்தன முட்டைய வாங்கிக் குமிச்சான்?"

"மகராசன் ஒருத்தர்" என்றேன்.

அவரே ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். கிண்ணத்துக் கஞ்சியில் போட்டுத் தின்றார். எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று தள்ளினார். வாயில் வைக்க முடியாத உப்பு. கெங் முழுங்க முடியாமல் முழுங்கிவிட்டு, நல்லாருக்குண்ணே என்றான், பொய்யன்.

ஆள் தேறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தைக்குப் போனால் இன்னும் முட்டைக் கடைக்கு முன்னால் ஒரு நொடி குனிகிறார். அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கரை பிடிக்கும்போதெல்லாம் லிப்ட் ஏறி அந்தச் சோபாவுக்குப் போகிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார், அவருக்காகத்தான் இந்தத் தேநீர்க் கடையில் காத்திருக்கிறேன். சோபாவின் உறையைப் பிரித்தாயிற்றாம். துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறானாம் சீத்தோ. நான்தான் கேட்டேன் அவனை, அன்றைக்கு அவரை மறுபடி சொல்லச் சொன்னதை எந்தப் பாடத்தில் படித்தாய் என்று. "பாடமெல்லாம் இல்லக்கா. கேட்டுக் கேட்டு வாயில வந்துடுச்சு" என்றான். அதுதான் நிஜமா, இல்லை கெட்டிக்காரத்தனமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஊதாப் பூச் சட்டையையும் திருப்பித் தரவில்லை.

அன்று மதியம் முட்டையைத் தின்று முடித்த ஃபுக் அண்ணன், சுக்கானைக் கெங்கிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு குறட்டை. செருப்பு ஒன்று கதவோரம் கிடந்தது. இன்னொன்றை உதறிய வேகத்தில் அது முட்டைக் கூடை வரைக்கும் போய்க் கவிழ்ந்து கிடந்தது. அதை நான் திருப்பி வைக்கவில்லை.